எஞ்சினுக்கு ஒரு கடிவாளம்

அமெரிக்காவில் 1996-ம் வருஷம் 'டாட்ஜ் ராம்' என்னும் டீசல் பிக்-அப் லாரி வாங்கச் சென்றவர்களுக்கு விந்தையான விஷயம் ஒன்று காத்திருந்தது. எஞ்சின் ஒன்றுதான், ஆறு சிலிண்டர் கொண்ட கம்மின்ஸ் டீசல் எஞ்சின். டிரைவர் தம் கையால் கியர் மாற்றும் வண்டியை வாங்கினால் அந்த எஞ்சினுக்கு 215 குதிரைச் சக்தி. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமாடிக் வண்டியை வாங்கினாலோ, அதே எஞ்சினுக்கு 180 குதிரைச் சக்திதான்! சௌகரியமான வண்டியைக் கேட்டவருக்கு 35 குதிரைகள் குறைவு.

இதில் வியாபாரத் தந்திரம் எதுவும் இல்லை. எஞ்சினுக்குப் பின்னால் இருந்த ஆட்டோமாடிக் கியர் பாக்ஸை நினைத்துக் கம்பெனி பயந்தது. முழுப் பலத்தையும் அதன் தலையில் இறக்கினால் அது நீண்ட நாள் தாங்காது என்று, எஞ்சினின் கையை ஆயுள் முழுவதும் கட்டிப் போட்டார்கள்.

இப்போது 2025-ம் வருஷத்து ராம் டீசல் லாரியைப் பார்ப்போம். 430 குதிரைச் சக்தி. முறுக்கு விசையோ 1996-ல் ஆட்டோமாடிக் வண்டிக்குக் கொடுத்ததைப் போல் இரண்டரை மடங்கு. ஆயினும் அதற்கு உள்ளது ஆட்டோமாடிக் கியர் பாக்ஸ் மட்டுமே. முப்பது வருஷத்துக்குள் இது எப்படிச் சாத்தியமாயிற்று? இரும்பு கெட்டியாகிவிட்டதா? ஓரளவுக்கு உண்மைதான். ஆனால், எஞ்சினுக்குக் கண நேரம் அடங்கியிருக்கக் கற்றுக் கொடுத்ததுதான் பெரிய ரகசியம். மோட்டார்த் தொழிலில் இதற்கு 'டார்க் மேனேஜ்மெண்ட்' என்று பெயர். முறுக்கு விசைக் கட்டுப்பாடு என்று நாம் சொல்லலாம்.

பந்தயக் குதிரையும் செக்கு மாடும்

பிக்-அப் என்பது முன்னால் ஆட்கள் உட்காரும் கூண்டும், பின்னால் திறந்த பெட்டியும் உள்ள சிறிய லாரி. அமெரிக்காவில் விவசாயிக்கும், வீடு கட்டும் மேஸ்திரிக்கும், குதிரையும் மாடும் வளர்ப்பவருக்கும் அது வலக் கை போன்றது. பெட்டியில் ஏற்றும் பாரம் கொஞ்சந்தான். பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லரில்தான் அதன் பெருமை இருக்கிறது. இந்த ஜாதியில் பெரிய லாரிகள் பத்து டன்னுக்கு மேலும் இழுத்துச் செல்கின்றன. எண்ணெய்க் கிணறுகளுக்கு அவசரச் சாமான்களைச் சுமந்து செல்வதையே பிழைப்பாகக் கொண்ட டிரைவர்கள் அங்கே பலர். லாரி அவர்களுடைய சொந்த லாரி. அது ஒரு வாரம் நின்றால் வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகம்.

1989-ம் வருஷத்து மாடலில் டாட்ஜ் கம்பெனி தன் பிக்-அப்பில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினைப் பொருத்தியது. இந்தியானா மாகாணத்தில் கொலம்பஸ் நகரிலுள்ள கம்மின்ஸ் கம்பெனி, 1919 முதல் டீசல் எஞ்சின்களைச் செய்து வருவது. பிக்-அப்புக்கு வந்த இந்த எஞ்சின் அதற்கு முன்பே உழவு யந்திரங்களில் உழைத்துப் பழகியது. அதன் பலம் 160 குதிரைச் சக்தி. கேட்பதற்கு இது பிரமாதமாக இல்லை. ஆனால் முறுக்கு விசை 400 பவுண்டு-அடி!

முறுக்கு விசை என்றால் என்ன? ஒரு அடி நீளமுள்ள ஸ்பானரை ஒரு நட்டில் மாட்டி, அதன் முனையில் ஒரு பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் நட்டின் மேல் ஏற்படும் திருகல்தான் ஒரு பவுண்டு-அடி. 400 பவுண்டு-அடி என்றால் அந்த ஸ்பானரின் முனையில் மூன்று ஆட்கள் தொங்குவதற்குச் சமம். பெட்ரோல் எஞ்சின் பந்தயக் குதிரையைப் போன்றது. வேகமாக ஓடினால்தான் அதன் பலம் தெரியும். டீசல் எஞ்சின் செக்கு மாட்டைப் போன்றது. நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்கும் குறைவான வேகத்தில், நிதானமாகச் சுழலும்போதே அது தன் முழுத் திருகலையும் காட்டிவிடும். பாரம் இழுக்க இதைவிட நல்ல குணம் வேறில்லை. ஆனால் கியர் பாக்ஸுக்கு இதைவிடக் கஷ்டமான குணமும் வேறில்லை!

எண்ணெயில் மிதக்கும் யந்திரம்

ஆட்டோமாடிக் கியர் பாக்ஸின் வாசலில் இருப்பது 'டார்க் கன்வர்ட்டர்'. இதன் தத்துவத்தைக் கண்டவர் ஹெர்மன் பெட்டிங்கர் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர். கப்பலின் டர்பைன் சக்தியைப் பின் விசிறிக்குக் கொண்டு செல்ல, 1905-ல் அவர் இதற்குப் பேட்டண்ட் பெற்றார். மோட்டார் வண்டிக்கு அது பிற்பாடு வந்தது.

இரண்டு மேஜை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றுக்கு மட்டும் சுவிட்ச் போட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுற்றத் தொடங்கும் அல்லவா? கன்வர்ட்டரில் காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது; அது வீசும் எண்ணெய் எதிர்ச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நடுவில் உள்ள மூன்றாவது சக்கரம் எண்ணெயைச் சரியான கோணத்தில் திருப்பி அனுப்புவதால், வண்டி புறப்படும் நேரத்தில் திருகல் ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆனால் எண்ணெய் வழியே சக்தி போகும்போது ஒரு பங்கு உஷ்ணமாக வீணாகிறது. இந்த நஷ்டத்தைத் தவிர்க்க, வண்டி வேகம் பிடித்ததும் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் கிளச் ஒன்றையும் உள்ளே வைத்திருக்கிறார்கள்.

கன்வர்ட்டரைத் தாண்டினால் பல்சக்கரங்கள். நடுவே 'சூரிய'ச் சக்கரம். அதைச் சுற்றிக் 'கிரக'ச் சக்கரங்கள். இவற்றை வளைத்து வெளியே ஒரு வளையம். இந்தப் பற்கள் எப்போதும் ஒன்றையொன்று பிடித்தபடியே இருக்கும். எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்தே கியர் மாறும். பிடிப்பதும் விடுவதும் கிளச் தகடுகளின் வேலை. எண்ணெய் அழுத்தம் ஏறினால் தகடுகள் நெருங்கிப் பிடிக்கும். அழுத்தம் இறங்கினால் விட்டுவிடும்.

இந்தத் தகடுகளின் மேல் உள்ள உராய்வுப் பூச்சு எதனால் ஆனது தெரியுமா? பெரும்பாலும் காகிதம் செய்வது போன்ற முறையில், நார்களைப் பிசினில் தோய்த்துச் செய்த மெல்லிய படலம்தான்! பத்து டன் பாரத்தை மலை மேல் ஏற்றும் சக்தி அத்தனையும் இந்தக் காகிதப் படலத்தின் வழியேதான் போகவேண்டும். தகடுகள் இறுகப் பிடித்திருக்கும்வரை அதற்கு ஆபத்து இல்லை. வழுக்கும்போதுதான் ஆபத்து.

அந்த அரை நொடி

ஒரு கியரிலிருந்து மற்றொரு கியருக்கு மாறும்போது ஒரு கிளச் விட, இன்னொன்று பிடிக்கிறது. பிடிக்கப் போகும் தகடுகள் ஆரம்பத்தில் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்வரை வழுக்கித்தான் ஆகவேண்டும். வழுக்கல் என்றால் உராய்வு. உராய்வு என்றால் உஷ்ணம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 பவுண்டு-அடி திருகல் ஒரு கிளச்சின் வழியே செல்வதாகவும், இரு பக்கத் தகடுகளுக்கும் முதலில் நிமிஷத்துக்கு 1,000 சுற்று வித்தியாசம் இருப்பதாகவும், அரை நொடியில் அந்த வித்தியாசம் மறைவதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த அரை நொடியில் பிறக்கும் உஷ்ணம் சுமார் 60 கிராம் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அரை டம்ளர் தண்ணீர்கூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால் அடுப்பில் வைத்துச் சாவகாசமாகக் காய்ச்சும் உஷ்ணமல்ல இது. கண் மூடித் திறப்பதற்குள் மெல்லிய படலத்தின் மேல் பாயும் உஷ்ணம். மலைச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை முறை கியர் மாறுகிறதோ, அத்தனை முறையும் இது நடக்கிறது.

டிரைவரோ, பாரம் இருக்கிறதே என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே இருக்கிறார். ஒரு பக்கம் கிளச் எஞ்சினைத் தன் வேகத்துக்கு இழுத்து நிறுத்தப் பாடுபடுகிறது. மறுபக்கம் எஞ்சின் முன்னிலும் அதிகமாகத் தள்ளுகிறது. சண்டை எவ்வளவு நேரம் நீள்கிறதோ, அவ்வளவுக்குத் தகடுகள் கருகுகின்றன.

டீசல் எஞ்சினோடு சேரும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. கியர் பாக்ஸில் எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்கும் பம்பைச் சுழற்றுவது எஞ்சின்தான். எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் பம்பும் மெதுவாகத்தான் சுழலும். டீசல் எஞ்சினின் முழுத் திருகல் வருவதோ மெதுவாகச் சுழலும் அந்த வேளையில்தான்! பிடிக்கவேண்டிய பலம் அதிகம். பிடிக்கும் கையில் வலு குறைவு.

ஒரு வழிப் பேச்சு

கையால் கியர் மாற்றும் டிரைவர் இந்தக் கஷ்டத்தைத் தம்மை அறியாமலே தீர்த்துவிடுகிறார். கிளச்சை மிதிக்கும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார் அல்லவா? எஞ்சினுக்குக் கண நேர ஓய்வு கிடைக்கிறது, கியர் மாறுகிறது, பிறகு மீண்டும் மிதிக்கிறார். அந்த ஓர் இடைவெளிதான் கியர் பாக்ஸின் உயிரைக் காப்பது.

பழைய ஆட்டோமாடிக் வண்டியில் இந்த இடைவெளி கிடையாது. டிரைவர் எவ்வளவு மிதிக்கிறார் என்பதை ஒரு கேபிள் மூலம் கியர் பாக்ஸ் தெரிந்துகொள்ளும். ஆனால், "நான் கியர் மாற்றப் போகிறேன், சற்றுப் பொறு" என்று எஞ்சினிடம் திருப்பிச் சொல்ல அதற்கு வழியில்லை. பேச்சு ஒரே வழிதான். 1994 முதல் டாட்ஜ் டீசலில் இருந்த பாஷ் கம்பெனியின் பம்ப், உறுதியில் பெயர் பெற்றது. ஆனால் முழுக்க முழுக்க யந்திரத்தால் இயங்குவது. கம்ப்யூட்டர் கட்டளையிட்டு அதன் எண்ணெய் அளவைக் குறைக்க முடியாது.

ஆகவே கம்பெனிக்கு ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. கியர் மாறும் அரை நொடிக்காக எஞ்சினின் பலத்தை எப்போதுமே குறைத்து வைப்பது. 180 குதிரைச் சக்தியின் கதை இதுதான். ஒரு நாள் வெள்ளத்துக்குப் பயந்து வருஷம் முழுவதும் மதகை மூடி வைத்தது போல!

போர்டு கம்பெனி 1994-ல் கொண்டு வந்த 'பவர் ஸ்ட்ரோக்' டீசலில் எண்ணெயை மின்சாரக் கட்டளைப்படி பாய்ச்சும் முறை வந்துவிட்டது. ஆயினும் 2001-ல்கூட அந்த எஞ்சினுக்கு ஆட்டோமாடிக் வண்டியில் 250 குதிரைச் சக்தியும், கையால் மாற்றும் வண்டியில் 275 குதிரைச் சக்தியும் என்றுதான் வைத்திருந்தார்கள். எஞ்சினுக்குக் காது இருந்தால் மட்டும் போதாது. கியர் பாக்ஸுக்கும் வலு வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

இருவரும் பேசத் தொடங்கினர்

அதே 2001-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி செவர்லே, ஜி.எம்.சி. பிக்-அப்புகளில் ஒரு புதிய ஜோடியைச் சேர்த்தது. எஞ்சின், ஜப்பானின் இசுஸு கம்பெனியுடன் சேர்ந்து செய்த 6.6 லிட்டர் 'டியூராமாக்ஸ்'. 300 குதிரைச் சக்தி, 520 பவுண்டு-அடி. கியர் பாக்ஸ், இந்தியானாபோலிஸ் நகரத்து ஆலிசன் கம்பெனியின் '1000' என்னும் ஐந்து வேக ஆட்டோமாடிக். ஆலிசன் என்றால் லாரி, பஸ் உலகில் தெரியாதவர் இல்லை. அதை நிறுவிய ஜேம்ஸ் ஆலிசன், இந்தியானாபோலிஸ் மோட்டார் பந்தய மைதானத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவர்.

இந்த ஜோடியில் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர்; கியர் பாக்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர். இரண்டும் ஓயாமல் பேசிக்கொள்ளும். கியர் மாறும் வேளை வந்ததும் கியர் பாக்ஸ் சேதி அனுப்புகிறது. எஞ்சின் உடனே சிலிண்டருக்குள் பாயும் டீசலின் அளவைக் குறைக்கிறது. திருகல் தாழ்கிறது. பழைய கிளச் விடுகிறது. புதிய கிளச் பிடிக்கிறது. வேகம் ஒன்றுபட்டதும் டீசல் மீண்டும் முழு அளவில் பாய்கிறது. டிரைவர் காலை எடுக்கவே இல்லை. ஆனால் காலை எடுத்ததன் பலன் முழுவதும் கிடைத்துவிட்டது. முன்சொன்ன கணக்கில் வழுக்கும் நேரம் பாதியானால், உஷ்ணமும் பாதியாகிவிடும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அது வண்டி புறப்படும்போது. 520 பவுண்டு-அடியைக் கன்வர்ட்டர் இரு மடங்காக்கினால் 1,040. ஆலிசன் 1000-ல் முதல் கியரின் விகிதம் 3.1. அதனால் பெருக்கினால் கியர் பாக்ஸின் பின் தண்டில் 3,200 பவுண்டு-அடிக்கு மேல்! பின் அச்சின் பல்சக்கரங்கள் அதை மேலும் மூன்று மடங்குக்கு மேல் பெருக்கும். வண்டி நகராமல் நிற்கும்போது இவ்வளவையும் ஒரேயடியாக இறக்கினால் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும். அல்லது டயர்கள் தேயும். ஆகையால் கீழ்க் கியர்களில் கம்ப்யூட்டர் எஞ்சினை முழுப் பலத்துக்கு விடுவதில்லை. வண்டி நகர நகரக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கடிவாளத்தைத் தளர்த்தும்.

கடிவாளத்தை அறுத்தவர்கள்

நல்லது செய்தால் எல்லோரும் வரவேற்பார்களா? பலருக்கு இந்தக் கட்டுப்பாடு பிடிக்கவில்லை. "மிதித்தால் லாரி பாயவேண்டாமா? எதற்காக ஒரு கணம் தயங்குகிறது?" என்று ஆத்திரப்பட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய 520 பவுண்டு-அடியைக் கம்பெனி ஒளித்து வைத்திருக்கிறது என்று நினைத்தவர்களும் உண்டு.

அவர்களுடைய ஆசையைப் பூர்த்தி செய்ய ஒரு தனித் தொழிலே வளர்ந்தது. எஞ்சின் கம்ப்யூட்டரிலுள்ள கணக்குகளை மாற்றி எழுதும் கருவிகளும், அதைச் செய்து கொடுக்கும் நிபுணர்களும் தோன்றினர். சில நிமிஷ வேலையில் 100 குதிரைச் சக்தியைக் கூட்டிவிடலாம். முறுக்கு விசைக் கட்டுப்பாட்டைக் குறைத்துவிடலாம். அடியோடு நீக்கியும் விடலாம். லாரி பாய்ந்து கிளம்புவதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

சந்தோஷம் எத்தனை நாளைக்கு? எஞ்சினின் பலம் கூடிவிட்டது; கிளச் தகடுகள் பழைய தகடுகளே. பூட்டும் கிளச் முதலில் வழுக்கத் தொடங்கும். வழுக்கிய பூச்சு தூளாகி எண்ணெயில் கலக்கும். அந்தத் தூள் எண்ணெய்ப் பாதையிலுள்ள சிறு துவாரங்களையும் வால்வுகளையும் அடைத்து, நன்றாக இருக்கும் மற்றக் கிளச்சுகளின் அழுத்தத்தையும் கெடுக்கும். ஒன்று கெட்டால் எல்லாம் கெடும் சம்சாரம் இது.

ஆலிசன் கியர் பாக்ஸ் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. உள்ளே வரும் தண்டின் வேகத்தையும் வெளியே போகும் தண்டின் வேகத்தையும் அது எப்போதும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இருக்கவேண்டிய விகிதம் தவறினால் வழுக்கல் என்று அறிந்து, கியர் மாற்றுவதை நிறுத்தி ஒரே கியரில் வண்டியை ஓட்ட வைக்கும். நொண்டி நடக்கும் நிலை என்று இதை டிரைவர்கள் சொல்வார்கள். ஆத்திரக்காரர்களுக்கு இது தொந்தரவாகத் தோன்றும். உண்மையில் அது கியர் பாக்ஸ் போடும் அபயக் குரல். அதையும் மதிக்காதவர்களுக்குக் கடைசியில் பல ஆயிரம் டாலர் செலவு. கணக்கை மாற்றியது தெரிந்தால் கம்பெனி காரண்டியும் கிடைக்காது. டிரெய்லரில் பிறருடைய சாமானை ஏற்றிக்கொண்டு நடுவழியில் நிற்கும் சிறு டிரைவருக்கு, பணம் போவதோடு வாடிக்கையும் போய்விடும்.

பலத்தைப் பணத்தால் வாங்கலாமா?

"கியர் பாக்ஸையே பலப்படுத்திவிட்டால்?" என்று கேட்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. கூடுதல் கிளச் தகடுகள், உயர்ந்த எஃகில் கடைந்த தண்டுகள், மூன்று நான்கு தகடுகளால் பூட்டும் கன்வர்ட்டர், அதிக எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றைச் சேர்த்துப் பிரித்துக் கட்டும் பட்டறைகள் அமெரிக்காவில் ஏராளம். தேர்ந்த கைகளில் இந்த வேலை நன்றாகவே நடக்கிறது.

ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் கனமாக்கினால், அறுபடும் இடம் அடுத்த கண்ணிக்குப் போகும். கிளச் வழுக்காமல் டக்கென்று பிடித்தால் அந்த அதிர்ச்சி பின் தண்டுக்குப் போகிறது; அங்கிருந்து பின் அச்சுக்குப் போகிறது. உண்மை தெரிந்த மெக்கானிக்குகள் கனமான பாகங்களைப் போட்ட பிறகும் கட்டுப்பாட்டை முற்றிலும் நீக்குவதில்லை. புதிய பாகங்களின் சக்திக்கு ஏற்றபடி அளவை மாற்றி வைக்கிறார்கள்.

உஷ்ணமே சத்துரு

ஆட்டோமாடிக் கியர் பாக்ஸில் எண்ணெய்க்கு நான்கு வேலை. சக்தியைக் கடத்தும், கிளச்சை அழுத்தும், பாகங்களை மசகிடும், உஷ்ணத்தை வெளியே கொண்டு செல்லும். எண்ணெய் கெட்டால் நான்கும் கெடும். சுமார் 80 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் எண்ணெய் நெடுநாள் உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளிடையே நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. ஏறக்குறையப் பொருந்தும் கணக்குத்தான். ஆயினும் டிரைவர் நினைவில் வைக்க நல்ல கணக்கு. சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் பழுப்பாகிக் கருகல் வாடை வீசினால், உள்ளே தகடுகள் எரிந்துகொண்டிருக்கின்றன என்று பொருள்.

பாரம் இழுக்கும்போது அழுத்துவதற்கென்று ஒரு பொத்தான் இந்த லாரிகளில் உண்டு. அதை அழுத்தினால் கியர் அடிக்கடி மாறி மாறி அலைவது குறையும். கன்வர்ட்டர் பூட்டப்பட்டே ஓடும் நேரம் கூடும். இறக்கத்தில் எஞ்சினே பிரேக் போல வண்டியைப் பிடிக்கும். பொத்தான் சிறியது; அது மிச்சம் பிடிக்கும் உஷ்ணம் பெரியது.

தராசு சாய்ந்தது

இவ்வளவும் சேர்ந்து என்ன பலன் கொடுத்தது என்பதை டாட்ஜ் லாரியின் சரித்திரமே சொல்கிறது. 2001-ல் 505 பவுண்டு-அடி கொண்ட அதிகப் பல எஞ்சின் கையால் மாற்றும் வண்டிக்கு மட்டுமே கிடைத்தது. ஆட்டோமாடிக் வாங்கியவருக்கு 460-தான். 2003-ல் கம்ப்யூட்டர் கட்டளைப்படி டீசலைப் பாய்ச்சும் புதிய எஞ்சினும், பலப்படுத்திய கியர் பாக்ஸும் வந்தபோது, அதிகப் பல எஞ்சினை ஆட்டோமாடிக்கிலும் வாங்க முடிந்தது. 2007-ல் 6.7 லிட்டர் எஞ்சின் வந்தது. அப்போது தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. ஆட்டோமாடிக்குக்கு 650 பவுண்டு-அடி. கையால் மாற்றும் வண்டிக்கு 610!

2013-ல் ஜப்பானின் ஐஸின் கம்பெனி செய்த ஆட்டோமாடிக் கியர் பாக்ஸுடன் 850 கொடுத்தார்கள். கையால் மாற்றுபவருக்கு 660-தான். 2019-ம் வருஷ மாடலில் ஆயிரத்தை எட்டியது. அந்த மாடலுக்கு முன்பே கையால் மாற்றும் கியர் பாக்ஸ் ராம் டீசல் லாரியிலிருந்து விடைபெற்றுவிட்டது. 2025-ல் ஜெர்மனியின் இஸட்.எப். கம்பெனியின் வடிவமைப்பில் எட்டு வேக ஆட்டோமாடிக்கும், 1,075 பவுண்டு-அடியும் வந்தன. போர்டு 2023-ல் 1,200-ஐத் தொட்டது. எது பலவீனன் என்று ஒதுக்கப்பட்டதோ, அதுவே பலவானின் துணையாயிற்று.

மலை மேல் பரீட்சை

லாரிக் கம்பெனிகள் தங்கள் லாரி இத்தனை டன் இழுக்கும் என்று விளம்பரம் செய்தால் போதுமா? அதற்கும் ஒரு பொதுப் பரீட்சை ஏற்பட்டிருக்கிறது. அமெரிக்க மோட்டார் எஞ்சினீயர் சங்கம் வகுத்த 'ஜே 2807' என்ற விதி அது. அரிசோனா மாகாணத்தில் கொலராடோ நதியின் டேவிஸ் அணையருகே தொடங்கி, பாலைவனத்தின் நடுவே சுமார் 18 கிலோமீட்டர் ஏறும் சாலைதான் இதற்கு உரைகல். வெளியே உஷ்ணம் குறைந்தது 100 டிகிரி பாரன்ஹீட். கூண்டுக்குள் குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓடவேண்டும். பின்னால் முழுப் பாரம். அப்படியும் சாதாரண நான்கு சக்கரப் பிக்-அப் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறவேண்டும். எந்தப் பாகமும் கெடக்கூடாது.

மற்றொரு சோதனை 12 சதவிகிதச் சரிவில். முழுப் பாரத்துடன் நின்ற நிலையிலிருந்து ஐந்து நிமிஷத்துக்குள் ஐந்து முறை முன்னோக்கிப் புறப்படவேண்டும். அதேபோல ஐந்து முறை பின்னோக்கியும் புறப்படவேண்டும். கன்வர்ட்டரில் எண்ணெய் கொதிக்கும் வேலை இது. வெறும் முரட்டுப் பலத்தை மட்டும் நம்பிய கியர் பாக்ஸ் இங்கே தப்ப முடியாது.

டிரைவருக்குச் சில வார்த்தைகள்

இந்த விஷயம் அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணவேண்டாம். ஆலிசன் கம்பெனிக்குச் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை உண்டு. நம் நாட்டிலும் ஆட்டோமாடிக் கியர் பாக்ஸ் பொருத்திய பஸ்களும் லாரிகளும் ஓடுகின்றன. எங்கே ஓடினாலும் யந்திரத்தின் தர்மம் ஒன்றுதான்.

ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றுமுன் வண்டியை முற்றிலும் நிறுத்தவேண்டும். உருண்டுகொண்டிருக்கும் வண்டியை எதிர்த்திசையில் இழுக்கும் அதிர்ச்சி முழுவதும் கிளச் தகடுகளின் மேல்தான் விழும். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல், பிரேக்கைப் பயன்படுத்தவேண்டும். எண்ணெயையும் பில்டரையும் கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே, பாரம் இழுக்கும் வண்டியானால் இன்னும் சீக்கிரமாகவே, மாற்றிவிடவேண்டும். பலம் கூட்டித் தருகிறோம் என்று வருபவரிடம், "கூட்டுகிற பலத்தைக் கியர் பாக்ஸ் எங்கே தாங்கப் போகிறது?" என்று முதலில் கேட்கவேண்டும். அதற்குத் தெளிவான பதில் சொல்ல முடியாதவரிடம் வண்டியை விடாமலிருப்பது நல்லது.

கியர் மாறும்போது லாரி ஒரு கணம் தயங்குவதைக் கவனித்தால் டிரைவர் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. லட்சம் மைல்களுக்கு அப்பாலும் அந்த வண்டி பாரம் இழுக்க வேண்டும் என்பதற்காகவே எஞ்சின் அந்த ஒரு கணம் விட்டுக் கொடுக்கிறது.